விரல் மூட்டில் வெளிச்சம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் வௌவால் பேச்சு இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்ததில்லை. காரணம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை, அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எம்ஃபில் படித்துக்கொண்டு முடிச்சூரில் எங்களோடு இருந்தாள். அவளைப் பள்ளியிலிருந்து படிக்க வைத்தது அப்பாதான். தங்கை என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் "ஜுவாலஜி" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா பேச்சை மாற்றிவிடுவார். வௌவால் என்று தெரிந்தால் வருகிற வரனும் வராது என்று அம்மா அவரை எச்சரித்து வைத்திருந்தாள்.

அப்பா கட்டட கான்ட்ராக்டர். அதுவரை தனி வீடுகளாகக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாயிரத்து ஐந்திலோ ஆறிலோ முதல் பெரிய வேலை கிடைத்தது. படப்பை போகும் சாலையில் மூடிக்கிடந்த அரிசி ஆலையை இடித்துவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட வேண்டும். ஆலைக்காரர் அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். வயல்களெல்லாம் மனைகளான பிறகு அரைக்க நெல் வருவது நின்றுபோயிருந்தது. ஆடிக்குள் இடித்துச் சுத்தம் செய்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூமி பூஜை போட்டுவிட வேண்டும் என்று பேச்சு.

ஆலையில் வௌவால்கள் இருக்கின்றன என்று முதலில் வந்து சொன்னதும் அப்பாதான். அளவெடுக்கப் போன இடத்தில் சுவர் விரிசலுக்குள்ளிருந்து கிரீச் கிரீச்சென்று சத்தம் வந்ததாம். டார்ச் அடித்துப் பார்த்தாராம். உடனே வெளியே வந்துவிட்டாராம். மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒற்றைப் பலகைமேல் பீடி பற்றவைத்துக்கொண்டு நடக்கிறவர் அப்பா. வௌவால் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. தலைமுடியில் மாட்டிக்கொண்டால் விடாது என்று சின்ன வயதில் யாரோ சொன்னது அவருக்குள் அப்படியே தங்கிவிட்டிருந்தது.

அத்தை சாப்பிட்ட கையைக் கழுவாமல், "எந்தச் செவுருண்ணா?" என்று கேட்டாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் தினமும் ஆலைக்குப் போனாள். அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு திரும்ப ஏழு மணியாகும். அதனால் பள்ளிவிட்டதும் நானும் அத்தையோடு ஆலைக்குப் போக வேண்டியதாயிற்று. அவள் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லப்போனால் நான் கூட வருவதே அவளுக்குத் தொந்தரவு. "அங்கயே உக்காரு, எதையும் தொடாத" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். ஆனால் வேலை செய்யும்போது தனக்குத் தானே பேசிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கவிழ்த்துப்போட்ட தவிட்டுக் கூடைமேல் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தோல் கையுறை போட்ட கையை விரிசலுக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வௌவால். நாய்க்குட்டி போல மழுங்கிய மூக்கு, தடித்த சின்னக் காது, காதுக்குள் அரிவாள் மாதிரி வளைந்த ஒரு தோல் மடல். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பாள். வயிற்றைத் திருப்பி நிறம் பார்ப்பாள். ஒரு நிமிடத்துக்குள் திரும்ப விரிசல் ஓரத்தில் தொற்றவிடுவாள். அது நெளிந்து நெளிந்து உள்ளே போய்விடும்.

அந்தச் சுவரில் இரண்டு அளவில் வௌவால்கள் இருந்தன. பெரியதற்கு வயிறு நல்ல மஞ்சள், முந்தின நாள் அரைத்த மஞ்சள் காய்ந்த மாதிரி. சின்னதற்கு முன்கை பெரியதைவிட ஒரு விரற்கடை குறைவு. வயிறும் மஞ்சள் இல்லை, சாம்பல் கலந்த மங்கல். முகம், காது, காதுக்குள் இருந்த மடல் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அளவும் நிறமும் தவிர வேறு வித்தியாசம் அத்தையின் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. ஒரே வம்சத்தில் பெரிய வகை, சின்ன வகை என்று இரண்டு உண்டு என அவள் புத்தகத்தில் போட்டிருந்தது. சின்ன வகையை அவளுடைய ஆய்வு கைடாக இருந்த பேராசிரியர் இந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லையாம். இரண்டும் ஒரே சுவரில் சேர்ந்திருப்பதை நிரூபித்துவிட்டால் நல்ல கட்டுரையாக எழுதலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க அத்தை அம்மாவிடம்கூடச் சிரித்துப் பேசினாள்.

உறுதிப்படுத்திக்கொள்ள, பதப்படுத்தி வைத்திருக்கும் பழைய வௌவால்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கோயம்புத்தூர் போனாள். ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். புதன்கிழமை சாயங்காலமே அங்கிருந்து போன் வந்தது. அப்பாவின் செல்போனில் அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரிதான் எப்போதும் சத்தம் இருக்கும். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சின்னது வேற இனம் இல்லியோன்னு தோணுது. பெரிசோட குட்டிங்களா இருக்கலாம்."

"இருந்தா?"

"குட்டிக்கு இன்னும் பறக்கத் தெரியாதுண்ணா. செவுத்த இடிச்சா பெரிசெல்லாம் பறந்துடும். இதுங்க அப்படியே கீழ விழும். இன்னும் மூணு வாரம் விட்டா அதுங்களும் பறந்துடும்."

அப்பா நெற்றியைத் தேய்த்தார். "வெள்ளிக்கிழமை பொக்லைன் வருதும்மா. இப்ப விட்டா ஒரகடம் பக்கம் போயிடும். அங்க கம்பெனி மேல கம்பெனியா வந்துனு இருக்கு. திரும்ப எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாது. ஆவணில பூஜை வேற."

அத்தை நிதானமாகச் சொன்னாள். "சரி, நீ ஒண்ணு பண்ணு. இங்க ஒருத்தர் சொல்லிக் குடுத்தார். சின்னதுல ஒண்ணப் புடிச்சு எறக்கைய விரி. பின்னாடி டார்ச் அடிச்சுப் பாரு. விரல் மூட்டுல, ரெண்டு எலும்புக்கு நடுவுல, கோடு மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா குட்டி. எலும்பு இன்னும் கூடலன்னு அர்த்தம். தெரியலன்னா வளந்தது, சின்ன வகைதான். அப்ப நீ தாராளமா ஆரம்பி, எல்லாமே பறந்துடும்."

"நானா புடிக்கணும்?"

"அண்ணா."

"சரி, சரி. பாக்கறேன். குட்டியா இருந்தா கை வெக்க மாட்டேன். போதுமா?"

மறுநாள் வியாழக்கிழமை, நான் பள்ளியிலிருந்து வந்ததும் அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனார். வெல்டிங் பட்டறையில் கேட்டு வாங்கிய தோல் கையுறை ஒரு ஜோடி முன்பெட்டியில் இருந்தது. "எது சின்னது எது பெரிசுன்னு உனக்குத்தான தெரியும்" என்றார். அப்பா என்னிடம் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்வது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வந்தேன்.

ஆலைக்குள் வெளிச்சம் குறைவு. அப்பா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கையுறையை மாட்டிக்கொண்டு விரிசல் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். முதலில் வந்தது பெரியது. "இது இல்லப்பா, மஞ்சளா இருக்குது பாருங்க" என்றேன். அது அவர் கையிலிருந்து பறந்து அவர் காதை உரசிக்கொண்டு போயிற்று. அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவும் கையை விட்டார். இரண்டாவதும் பெரியது. மூன்றாவதாக வந்தது சின்னது, சாம்பல் வயிறு.

"இதுதான்" என்றேன்.

அப்பா அதன் இறக்கையை இரண்டு விரலால் மெல்ல விரித்துப் பிடித்தார். நான் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். அத்தையின் நல்ல டார்ச் அவளோடு கோயம்புத்தூர் போயிருந்தது. இது வீட்டு டார்ச், கரண்ட் போனால் எடுப்பது. பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. மங்கலான வெளிச்சத்தில் இறக்கைத் தோல் சிவப்பாகத் தெரிந்தது. மெல்லிய நரம்புகள் தெரிந்தன. விரல் எலும்புகள் தெரிந்தன. மூட்டு இருக்கிற இடத்தில் ஏதோ வெளிறலாக இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அத்தை முன்கையை அளப்பதையும் வயிற்றைத் திருப்புவதையும் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். விரல் மூட்டை அவளே அதுவரை பார்த்ததில்லை. வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்திருக்கலாம். அது எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை.

"என்ன பாப்பா, தெரியுதா?"

"தெரியலப்பா" என்றேன்.

எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அப்பாவின் காதில் அது, வெளிச்சம் தெரியவில்லை என்று விழுந்தது.

"அப்ப வளந்ததுதான்" என்றார். அவர் தோள் இரண்டும் கீழே இறங்கின. வௌவாலை விரிசல் ஓரத்தில் தொற்றவிட்டு, கையுறையைக் கழற்றி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க அத்தையே வந்திருந்தாலும் இவ்ளோ சீக்கிரம் சொல்லியிருக்க மாட்டா" என்று என் தலைமேல் கை வைத்தார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லப்பா, எனக்குச் சரியா தெரியல, அதைத்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். கை தலைமேல் இருந்தது. நான் பேசாமல் நின்றேன். திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரிடம், "எங்க வூட்டுல சின்ன டாக்டரம்மா ஒண்ணு கீது" என்றார். ரோஸ்மில்க் தீர்வதற்குள் நான் பார்த்தது எனக்கே தெளிவாகிவிட்டது. மூட்டில் வெளிச்சமே இல்லை. இருட்டாகத்தான் இருந்தது.

அப்பா தனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டாரா என்று பெரியவளான பிறகு யோசித்திருக்கிறேன். இருக்கலாம். வெள்ளிக்கிழமை வண்டி வந்தாக வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் அந்தச் சுவருக்குள் மூன்று தடவை கையை விட்டவர் அவர்.

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வரும்போது ஆலையின் பக்கவாட்டுச் சுவர் இல்லை. பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தது. ஆட்கள் வேலை செய்யாமல் அங்கங்கே நின்றிருந்தார்கள். மேலே வெயிலில் வௌவால்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பகலில் அவை பறந்து நான் பார்த்ததில்லை. மின்கம்பி நெடுக காக்கைகள்.

இரண்டு சித்தாள்கள் செங்கல் குவியலுக்குள் குனிந்து எதையோ பொறுக்கிச் சாந்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏம்மே, இதுங்க பறக்கவே இல்ல பாரு" என்றாள் ஒருத்தி. "சின்னப் புள்ளைங்கமே. இது இன்னும் உசுரோட கீது, மெதுவா எடு." நான் கிட்டப் போனதும், "நீ வராத பாப்பா, கடிச்சிடப்போவுது" என்று சட்டியைத் தன் தலைத்துண்டால் மூடினாள். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். எல்லாம் சாம்பல் வயிறு.

அப்பா தூரத்தில் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். முதல் சுவர் விழுந்து இவை கொட்டியதுமே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். பெரும்பாலானவை அந்தச் சுவரில்தான் இருந்தன. உயிரோடு இருந்தவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மீந்திருந்த சுவர் மேல் வைக்கச் சொல்லியிருந்தார். தாய்கள் வந்து தூக்கிக்கொண்டு போகுமோ என்று ஒரு நம்பிக்கை. ஒன்றிரண்டு வந்து உட்கார்ந்தன. காக்கைகளும் வந்தன. ஓர் ஆள் கம்பை வைத்துக்கொண்டு அவற்றை விரட்டியபடி நின்றான். அப்பா என்னைப் பார்த்தார். "வீட்டுக்குப் போ பாப்பா" என்றார், அவ்வளவுதான்.

அன்று இரவெல்லாம், அத்தை வந்ததும் அப்பா சொல்லப்போகிறார், நான்தான் பார்த்துச் சொன்னேன் என்று சொல்லப்போகிறார் என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இல்லை. வௌவால்களைப் பற்றி நினைத்தேனா என்றால், உண்மையில் இல்லை.

அன்றைக்கே யாரோ போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமை காலையிலேயே அத்தை வந்துவிட்டாள். வீட்டுக்குக்கூட வராமல் தோள்பையோடு நேரே ஆலைக்குப் போய்விட்டாள் என்று தெரிந்து அப்பா கிளம்பினார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அத்தை சாந்துச் சட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். செத்துப்போன குட்டி ஒன்றை எடுத்து, இறக்கையை விரித்து, சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். நான் செங்கல் குவியலுக்குப் பின்னால், ஐந்தடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு விரலிலும், ஒவ்வொரு மூட்டிலும் நூல் கனத்துக்கு ஒரு கோடு வெளிச்சம். அவள் அதைக் கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் பார்த்தாள். சட்டியிலிருந்த அத்தனையையும் அப்படிப் பார்த்து முடித்தாள்.

"பாக்கச் சொன்னேனே அண்ணா" என்றாள். குரல் உயரவில்லை. "பாத்தியா?"

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை.

"இல்லம்மா. பாக்கல."

"ஒண்ணே ஒண்ணு. ஒண்ணப் புடிச்சுப் பாக்க முடியலியா உன்னால?"

"முடியல."

"பயந்துட்டியா?"

"ஆமா" என்றார் அப்பா.

குழி தோண்ட மண்வெட்டி இருக்கிறதா என்று அத்தை ஆட்களிடம் கேட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். ஆய்வேட்டில் ஒரே ஒரு வகைதான் இடம்பெற்றது. சின்ன வகை அந்தச் சுவரில் ஒன்றாவது இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பிறகு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் அங்கேயே. தீபாவளிக்கு வருவாள். அப்பாவிடம் மரியாதையாகப் பேசுவாள், அக்கம்பக்கத்துப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி. உறவில் ஏதாவது விசேஷம் என்றால் பந்தியில் யாராவது அவள் படிப்பைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். "மூணாவது மாடிச் சாரத்துல நடப்பார் எங்கண்ணன். ஒரு வௌவாலப் புடிக்கச் சொன்னா ஓடிடுவார்" என்று சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை அவளிடம் சொல்ல எனக்குப் பதினாறு வருடம் பிடித்தது. வேலை விஷயமாகத் திருநெல்வேலி போயிருந்தபோது, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டார்ச், பேட்டரி, நான் சொன்ன வார்த்தை, அப்பா அதை எடுத்துக்கொண்ட விதம், நான் திருத்தாமல் நின்றது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப, அண்ணன் போய்ப் பாத்தாரா?"

"பாத்தார் அத்தை."

"கையால புடிச்சாரா?"

"மூணு தடவ கைய விட்டார். கண்ண மூடிக்கிட்டு."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே முடிச்சூருக்கு வந்தாள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "காலேஜ் லீவா?" என்று கேட்டார். "ஆமாண்ணா" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு நாள் தங்கினாள். என் காதுபட அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "பாக்கல" என்று அப்பா சொன்னபோது நான் செங்கல் குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு வந்தது ஆச்சரியம்தான். வியாழக்கிழமை நாங்கள் வந்ததையே அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அப்போது எண்ணினேன். ஆட்கள், சிமெண்ட், வண்டி என்று ஆயிரம் வேலை இருக்கிற மனிதர், மறந்துபோவதில் அதிசயம் இல்லை. தப்பித்தேன் என்று பிள்ளையாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது சாலையைக் கடக்க அப்பா என் கையைப் பிடித்தார். கடந்த பிறகும் விடவில்லை. வீடு வரும்வரை, வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். படப்பைச் சாலையில் மணல் லாரிகள் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.